எழுபதில் இருபது போக

மார்லிஸ் டுவைட் ஓட்டுகிற விமானம் எழுபது பேர் உட்காரக் கட்டியது. அதில் இருபது இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெட்டி வைக்கிற அலமாரிகளை நிறுத்தியிருந்தார்கள். காரணம் விஞ்ஞானம் இல்லை, ஒப்பந்தம். தங்கள் கம்பெனி பெயரில் பறக்கும் சின்னக் கம்பெனி விமானங்களில் ஐம்பது இருக்கைக்கு மேல் கூடாது என்று பெரிய கம்பெனி விமானிகள் எழுதி வாங்கியிருந்தார்கள். அதனால் அவள் ஊரான டுலூத்தில் டிக்கெட் கிடைக்காதவர்கள் கவுண்டரில் நின்று கத்துவார்கள். விமானத்துக்குள் ஒரு பந்தி போடுமளவு இடம் சும்மா பறந்துகொண்டிருக்கும்.

அந்த ஐம்பதை எழுபதாக்கலாமா என்று இன்றைக்கு மதியம் சிகாகோவில் ஓட்டெடுப்பு. ஓட்டுப் போடுபவர்கள் பெரிய கம்பெனி விமானிகள் சங்கப் பிரதிநிதிகள் பதினோரு பேர். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. நடுவில் மாட்டிக்கொண்ட பதினோராவது ஆள் மார்லிஸின் புருஷன், பெரிய கம்பெனி விமானி ஆர்லன். அவன் வராமல் ஓட்டு சமமாக விழுந்தால் எழுபதே நிற்கும் என்பது சங்க விதி.

ஐம்பதே நீடித்தால், கட்டுப்படியாகாமல் வசந்த காலத்தில் அவள் கம்பெனி டுலூத்தைக் காலி செய்யும். அவள் தூரத்து ஹூஸ்டனுக்கு மாறிப் போக வேண்டும். மாதத்தில் நான்கு நாள் புருஷனைப் பார்த்தால் அதிசயம். எழுபதாக்கினாலோ, பெரிய விமானங்களின் வேலை சின்னதுக்குப் போய்விடும் என்று ஆர்லனின் ஆட்கள் பயந்தார்கள். அந்தப் பயம் வீண் இல்லை. அப்படித்தான் ஒருமுறை வேலை போய் ஆர்லன் ஆறு வருஷம் டயர் விற்றான். அந்த ஆறு வருஷமும் சின்ன விமானம் ஓட்டி வீட்டைக் காப்பாற்றியவள் மார்லிஸ். இதில் யார் மேல் குற்றம் சொல்வது? மூன்று வாரமாக இருவரும் துண்டு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் பேசவில்லை.

காலையில் அவள் ஓட்டும் சிகாகோ விமானத்தில் ஐம்பதும் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் மடக்கு இருக்கை ஒன்றுதான். அதில் வேறு எந்த விமானி உட்கார்ந்து வரலாம் என்பது கேப்டன் இஷ்டம், அதாவது மார்லிஸ் இஷ்டம். எவ்வளவு பெரிய விமானியானாலும் நேரில் வந்து மரியாதையாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. அந்த ஒரு வார்த்தையைக் குளிக்கும்போதே மார்லிஸ் நினைத்துப் பார்த்திருந்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டும் இருந்தாள்.

எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்கிற ஆர்லன், அன்று கதவு மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தான்.

"கேப்டன், சிகாகோ வரைக்கும் ஒரு எடம் கிடைக்குமா?"

"காலையில காபி போட்டுக் குடுத்தாரா, கேப்டன்? இல்லைன்னா ஏத்தாதீங்க" என்றாள் துணை விமானி பெக்கா.

மார்லிஸ் சிரிப்பதற்குள், சரக்கு விமானம் ஓட்டும் ஒருவர் மூச்சிரைக்க வந்து அதே இடத்தைக் கேட்டார். ஆர்லன் சட்டென்று ஒதுங்கினான்.

"இவருக்கே குடுங்க கேப்டன். நான் அப்புறம் பாத்துக்கறேன்."

அப்புறம் என்றால் சாயங்காலம். அதற்குள் ஓட்டெடுப்பு முடிந்திருக்கும். ஏன் தாமதமாக வந்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஆசைப்பட்டதைத்தான் அவன் செய்தான். இருந்தும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மன்னிச்சுக்குங்க சார், இவர்தான் முதல்ல வந்தார்" என்று மற்றவரை அனுப்பிவிட்டு, "ஏறு" என்றாள்.

பத்தாயிரம் அடி ஏறும்வரை வேறு பேச்சு பேசக் கூடாது என்பது விதி. அதுவரை முன்னால் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"ஒளிய எடம் தேடினியா?"

"ஆமா."

"உன்கூட வேலை போனவங்க முகத்துல எப்படி முழிப்ப?"

"உன் முகத்துல எப்படி முழிக்கறதுன்னுதான் யோசிச்சேன் மார்லிஸ்."

பெக்கா மேகங்களை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினாள்.

"எனக்காக ஒண்ணும் பண்ணாதே" என்றாள் மார்லிஸ். "போகாம இருந்துட்டு, அதை மனசுல வச்சு நீ புழுங்கறத என்னால பாக்க முடியாது. போய்க் கையைத் தூக்கு. எதுக்குன்னு நீயே முடிவு பண்ணு."

மதியம் டுலூத்துக்குத் திரும்பி, அடுத்த பயணத்துக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"ஆறுக்கு அஞ்சு" என்றான் ஆர்லன். "அம்பதேதான்."

அந்த ஆறாவது கை யாருடையது என்று அவள் கேட்கவில்லை. அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது.

"என் மேல கோவமா?"

"ரொம்ப." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கதவை மூடப் போறாங்க. வீட்டுக்கு வா, நேர்ல கோவிச்சுக்கறேன். வசந்தத்துல ஹூஸ்டன் போற வரைக்கும் தினமும் கோவிச்சுக்கணும், ஒருநாளும் விடமாட்டேன்."