பத்து நாள் தீட்டு

ஏழு மலைகளும் இளவெயிலில் மேனி துலங்க, ஏறுவோரும் இறங்குவோருமாய்த் தெருக்கள் நிறைந்து நெரிய, பூ விற்போரும் பேருந்து நடத்துநரும் தமிழும் தெலுங்கும் கலந்து கூவ, மழித்த தலைகளில் பூசிய சந்தனம் உலருமுன்னே அடுத்த கூட்டம் வந்திறங்கும் திருப்பதி நகரின் காலைப்பொழுதை, நற்றமிழ் அறிந்த அன்பரே, நீங்களும் கண்டிருப்பீர்கள். அங்கு வருவோர் எல்லாரும் எதையேனும் வேண்டியே வருவர். அன்று நகரியிலிருந்து வந்த கன்னிகா மட்டும் வேண்ட வரவில்லை, வழக்காட வந்தாள்.

நாற்பத்தொரு வயது அவளுக்கு. விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவள். தறிவேலைக்குச் சூரத்து போன தந்தை திரும்பவேயில்லை என்று தாய் சுந்தரம்மா சொன்னதை நம்பி, இருமுறை அங்கே சென்று, மொழி தெரியாத ஊரில் தறிக்கூடந்தோறும் ஏறி இறங்கி, முகமும் அறியாத ஒருவனைக் கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்தவள். முந்தாநாள் சித்தூர் மருத்துவமனையில், மூச்சு அடங்கும் தறுவாயில்தான் அந்தத் தாய் உண்மையைச் சொன்னாள். நகரியில் ஒரு சிறு கோயிலில் ஈராண்டு தொண்டு செய்த தோதாத்ரி என்னும் வைணவ இளைஞன், ஊரறியாமல் அவளுக்குத் தாலி கட்டி, அவள் கருவுற்றதும் திருப்பதிக்குத் திரும்பி, தன் குலத்துக் குமுதவல்லியை மணந்து, அங்கொரு பெருமாள் கோயிலில் இன்றும் தொண்டு செய்கிறான். சூரத்து என்பதெல்லாம் கட்டிவிட்ட கதை.

கன்னிகா தாய்மாமன் தேவேந்திரனைப் பிடித்து உலுக்கினாள். "உனக்கும் தெரியுமா மாமா?"

"நீ வயித்துல இருந்தப்பவே தெருவுக்கே தெரிஞ்சிபோச்சும்மா. உங்கிட்டதான் சொல்லல. சொன்னா நீ சும்மா இருப்பியா?"

ஒரு தெருவே சேர்ந்து ஒருத்தியை நாற்பத்தோராண்டு ஏய்த்திருக்கிறது! அதனினும் கொடியது ஒன்று உண்டு. புரட்டாசிதோறும் தாய் அவளை அதே கோயிலுக்கு அழைத்துச் சென்று, அதே மனிதன் முன் குனியச் செய்திருக்கிறாள். அவனும் பெருமாள் திருவடி பொறித்த சடாரியை அவள் தலையில் வைத்து, மகளென்று தெரிந்தே, ஒரு சொல்லுமின்றி அடுத்த தலைக்கு நகர்ந்திருக்கிறான். எழுதும் எனக்கே பொறுக்கவில்லை, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

நேற்று எரியூட்டி, இன்று விடியலில் பால் தெளித்து, ஈரத்தலையோடு பேருந்து ஏறியவள் கோயில் வாயிலில் வந்து நின்றாள், படியேறவில்லை. சாவுத்தீட்டு உடையோர் கோயிலுக்குள் நுழைவதில்லை என்னும் வழக்கத்தை அத்தனை சினத்திலும் அவள் மீறவில்லை. உள்ளே வரிசையின் முனையில், நரைத்த குடுமியும் நெற்றி நிறைந்த திருமண்ணுமாய்ச் சடாரி ஏந்தி நின்றான் தோதாத்ரி. அருகே துளசிநீர் வழங்கிக்கொண்டிருந்தான் அவன் மகன் விஷ்ணுவர்தன். தோதாத்ரி அகவையில் மூத்தவன்தான். ஆயினும் 'அவர்' என்றெழுத எனக்குக் கை வரவில்லை.

"தோதாத்ரி சாமி!" என்று அவள் கூவியதில் வரிசை முழுவதும் திரும்பியது. "எங்கம்மா, நகரி சுந்தரம்மா, முந்தாநாளு செத்துப்பூட்டா. எனக்குத் தீட்டு, அதான் உள்ள வராம வாசல்லயே நின்னுக்கினு கீறேன். உனக்குத் தீட்டு இருக்குதா, இல்லியா? இருந்தா கையில கீறத வெச்சுட்டு வெளிய வா. இல்லன்னா, உன் பெருமாள் எதிர்க்கவே இல்லன்னு சொல்லு!"

மனைவியை இழந்தவன் பத்து நாள் பெருமாளின் பொருள் எதையும் தொடலாகாது என்பது அவன் குலத்து முறை. இல்லையென்று சொன்னால் அது தெய்வத்துக்குச் செய்யும் வஞ்சம். உண்டென்றால் ஊரும் மகனும் அறிவர். மனிதரிடம் பொய் சொல்லியே காலந்தள்ளியவன் தெய்வத்தின் முன்னும் சொல்வானா? அவன் வாயால் வரும் ஓர் ஒப்புதலுக்காகத்தான் அவள் சூரத்து வரை அலைந்தாள்.

குனிந்து நின்ற ஒரு முதியவரின் தலைக்கு மேலே சடாரி நின்றது. பின், இறங்காமலே விலகியது. அதைத் தட்டில் வைத்துவிட்டுப் பின்வாங்கினான் தோதாத்ரி.

"விஷ்ணு, நான் வெளில போறேன். எனக்குத் தீட்டு."

"யாருப்பா அந்த சுந்தரம்மா?" தொலைவுச் சொந்தம் என்றே மகன் எண்ணினான். "ஸ்நானம் பண்ணினாப் போறுமா? இல்ல, மூணு நாளா?"

"பத்து நாள்."

விஷ்ணுவர்தன் துளசிநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயிலில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தான். பத்து நாள் தீட்டு எத்தகைய உறவுக்கென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோதாத்ரி படியிறங்கி வந்து, மகளுக்கு நான்கடி தள்ளி நின்று, மேலாடையைப் பிசைந்தவாறே, "அம்மா..." என்று, சேவிக்க வருவோரை அழைப்பதுபோலவே தொடங்கினான்.

"எங்கம்மாவுக்குப் பத்து நாள் குடுத்துட்ட, சரி. எனக்கு இன்னா குடுத்த? உசுரோட கீற பொண்ணுக்கு உன் சாத்திரத்துல ஒண்ணுமே இல்லியா?"

இறந்தவளை மனைவியென ஒப்புவதற்கு அவன் நூலில் ஒரு விதி இருந்தது. இருப்பவளை மகளென அழைக்க விதி எதற்கு? ஒரு சொல் போதும். அச்சொல்லுக்காக இனியும் காத்து நிற்க அவளுக்கு மனமில்லை. பேருந்து நிலையம் நோக்கி நடந்தாள். பத்து நாள் கழிந்தால் அவன் தலைமுழுகித் தூயனாகிக் கருவறைப் பக்கம் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அவளுக்கு இழைத்த தீங்கோ, எந்த ஆற்றில் முழுகினாலும் அவனை விட்டுப் போகாது.