சஹனில் செய்த சத்தியம்

…நிற்கவில்லையே, ஊர்ந்தாவது போகிறதே, பாதியைத் தாண்டிய கோடு மீதியைத் தாண்டாமலா போய்விடும், யா அல்லாஹ், இன்றைக்கு மட்டும் என் மானத்தைக் காப்பாற்றிவிடு என்று மனத்துக்குள் முனகிக்கொண்டு ஹுனைஸ் நூஹு ஹாஜியாரின் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது, நகர்ந்தது என்று சொன்னால் அந்தக் கோட்டுக்கே சிரிப்பு வரும். இணையம் தருகிற டொங்கிளை ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தார்கள், அங்கேதான் சிக்னல் பிடிக்குமாம், கற்பிட்டிக் காற்று சும்மா இருக்குமா, காற்றடித்தால் டொங்கிள் ஆடியது, டொங்கிள் ஆடினால் கோடு நின்றது. எட்டு மாத உழைப்பு, டொல்பின் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் ஹாஜியாரின் படகுகளில் இடம் பிடிப்பதற்கு ஒரு வெப்சைட், அதைத் திறந்து காட்டப்போன நேரம் பார்த்து, முதலில் பிளகினை இறக்கிப் பூட்டு, பிறகு மற்றதைப் பேசலாம் என்று சொல்லிவிட்டது இந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர். பக்கத்துக் கதிரையில் ருஷ்தா, அவனோடு புத்தளம் ஆபீஸில் வேலை செய்கிறவள், மடியில் மூடிய லேப்டொப், முகத்தில் ஒரு சலனமும் இல்லை, வாயைத் திறந்து 'நான் அப்பவே சொன்னன்தானே' என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கலாம், சொல்ல மாட்டாள், சொல்லாமல் இருந்தே மனிதனைக் கொல்லுவாள்.

சொல்லவில்லையா என்ன, எட்டு மாதமாக, அவனை அண்ணன் முறையில் நானா, நானா என்று கூப்பிட்டே அதைத்தானே சொன்னாள்… பிளகின் என்பது பிரவுசருக்குள் வெளியிலிருந்து கொண்டுவந்து பூட்டுகிற சாமான் நானா, ஒவ்வொரு ஆளும் பூட்டோணும், பூட்டாதவனுக்கு ஒண்டும் விளங்காது, ஸ்கிரிப்ட் அப்பிடியில்ல, பிரவுசருக்குள்ளேயே பிறந்தது, திறந்தா வேலை செய்யும் என்றாள். பிறகு, உங்கட பிளகின் ஸகராத்துல, கடைசி மூச்சில இரிக்கி நானா, கலிமா சொல்லிக்குடுத்து அனுப்பிவைங்கொ என்றாள். அன்றைக்கு ஹுனைஸ் மத்தியானச் சோறு தின்னவில்லை. பிறந்தது, வந்தது என்று இவளா கதைப்பது, மன்னாரிலிருந்து தொண்ணூறில் துரத்தப்பட்டு வந்த குடும்பம், இவள் கரைத்தீவில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், இன்னமும் எங்கள் ஊர்ச் சனம் 'வந்தவங்க' என்கிற குடும்பம், அவள் உள்ளே பிறந்த ஸ்கிரிப்டுக்காகச் சண்டை போடுகிறாள், ஏழு தலைமுறை புத்தளத்தான் நான் வெளியிலிருந்து வந்த பிளகினுக்காகச் சண்டை போடுகிறேன், நல்ல கூத்து. இதை ஒரு தடவை அவளிடமே சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள், ஆனால் அவள் சிரித்துவிட்டால் பிறகு எப்படிச் சண்டை போடுவது. அதோடு அவனுடைய டொல்பின் இருக்கிறதே, பக்கம் திறந்ததும் துள்ளி எழுந்து வாலால் தண்ணீரை அடிக்கும், துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறிக்கும், கண்டால் சட்டையைத் துடைக்கத் தோன்றும். உம்மா வீட்டுக்கு வருகிற பெண்கள் எல்லோருக்கும் அதைக் காட்டினாள், சிலருக்கு இரண்டு முறை. ஸ்கிரிப்டால் அந்த டொல்பினைத் துள்ளவைக்க முடியுமா, அது நீந்தும், நீந்தும், செத்த மீனைப் போல நீந்தும்.

அந்த வாயால்தானே கெட்டான். கூட்டாளி றிஸ்மினின் கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேர், எல்லோருடைய கையும் ஒரே தாம்பாளத்துச் சோற்றில், அவனுக்கு இந்தப் பக்கம் நூஹு ஹாஜியார், அந்தப் பக்கம் கூடப் படித்த அஸ்ஜத் மௌலவி, மற்ற மூன்று பேரும் மாப்பிள்ளை வீட்டார். ஹாஜியார்தான் கோழித்துண்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "ஏன் தம்பி, உங்கட ஆபீஸ் புள்ள ஸ்கிரிப்ட் எண்டு என்னமோ சொல்லுதே, அது நல்லமாமே?" என்று கேட்டார். நல்ல கேள்வி, அமைதியாகப் பதில் சொல்லியிருக்கலாம், எங்கே, கோழி வாய்க்குள், கோபம் மூக்கு நுனியில், "வெறுஞ் சோறு ஹாஜியார் அது, பிளகின்தான் கறி" என்று தொடங்கி, பேச்சு ஏறி ஏறி, கடைசியில் வட்டிலப்பம் வருவதற்கு முன்பு, "வல்லாஹி, இனி என்ட கையால ஸ்கிரிப்ட்ல ஒரு வரி எழுத மாட்டன்!" என்று அல்லாஹ்வின் பெயரால் சத்தியமே செய்துவிட்டான். சஹனில் அத்தனை கையும் அப்படியே நின்றது. அஸ்ஜத், "என்ன மச்சான் இது, சத்தியம் விளையாட்டா? முறிஞ்சா பத்து ஏழை மிஸ்கீனுக்குச் சாப்பாடு குடுக்கோணும், தெரியும்தானே?" என்றான். "முறிக்கிற ஆளு நான் இல்ல." "அப்ப சரி, சாப்பிடு." சாப்பிட்டான், வட்டிலப்பம் மட்டும் இறங்கவில்லை. பெண்கள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ருஷ்தாவுக்கு அது அஸர் தொழுகைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது, மறுநாள் ஆபீஸில் அவன் அவள் மேசைக்கு வந்தால் கீபோர்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், பாவம், அவன் கை தவறிப் பட்டுவிடக் கூடாதாம்!

கோடு நின்றது, நின்றேவிட்டது. ஹாஜியார் பிளேன்டீயைக் குடித்து முடித்து, மேசை லாச்சியை இழுத்து ஒரு டெப்லட்டை எடுத்து வைத்தார், "மகன் கட்டாரில இருந்து அனுப்பினது, வெள்ளக்காரன் எல்லாரும் இதத்தான் வச்சிக்கிட்டு வாறான், இதுல காட்டுங்கொ தம்பி." டெப்லட்டில் பிளகினைப் பூட்டவே முடியாது, அது ஹுனைஸுக்குத் தெரியும், தெரிந்தும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தான், கற்பிட்டியில் டெப்லட் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று அவனே ருஷ்தாவிடம் சொல்லியிருக்கிறான். திறந்தார், பக்கத்தின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, டொல்பினும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஹாஜியார் டெப்லட்டைச் சாய்த்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், "மீன் ஒளிஞ்சிட்டா?" என்றார். ருஷ்தா மெல்ல, "நான் வேற மாதிரி ஒண்டு செஞ்சி வச்சிரிக்கிறன் ஹாஜியார்" என்று கையை நீட்டினாள். அதையும் செய்தே வைத்திருக்கிறாளா, எப்போது செய்தாள், ஒரு வார்த்தை சொன்னாளா… கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது, படகுகள், நேரங்கள், இடங்கள், எல்லாம் பளிச்சென்று. வாசலில் இரண்டு வெள்ளைக்காரிகள் நாளைக் காலைப் படகுக்கு இடம் கேட்டு வந்து நின்றார்கள், ஹாஜியாருக்கு வாயெல்லாம் பல், தன் கையாலேயே நாளைய தேதியைத் தொட்டார். 'பருவம் முடிந்தது, கார்த்திகையில் வாருங்கள்' என்றது டெப்லட்.

வெளியே அவருடைய படகுகள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே அவருடைய டெப்லட் கடையை மூடிவிட்டது. ஹாஜியார் முதலில் சிரித்தார், பிறகு இன்னொரு தரம் தொட்டார், பிறகு சிரிக்கவில்லை. "என்ன புள்ள இது, மூஞ்சிக்கு நேரே வராதே எண்டு சொல்லுது? ஒருத்தர்ட மீன் ஒளியுது, மத்தவர்ட கடல் மூடுது. நான் கொழும்பில ஒரு ஆளப் பாக்கிறன், ரெண்டு பேரும் மனசு நோகக் கூடா." ருஷ்தாவின் முகம் வெளுத்துப்போனது, லேப்டொப்பைத் திறந்து வரி வரியாக ஓடினாள், "போன மாசம் சரியா வேலை செஞ்ச, வல்லாஹி சரியா செஞ்ச" என்று வாய்க்குள் முனகினாள். போன மாசம்… அந்த ஒரு சொல்லில் ஹுனைஸுக்குப் பொறி தட்டியது. ஸ்கிரிப்ட் மாதத்தை ஒன்றிலிருந்து எண்ணாது, பூச்சியத்திலிருந்து எண்ணும், தை என்கிற ஜனவரிக்குப் பூச்சியம், மாசிக்கு ஒன்று, ஆகவே இவள் சித்திரைக்கு நாலு என்று கொடுத்தால் அது வைகாசி என்று எடுத்துக்கொள்ளும், வைகாசியில் ஏது டொல்பின், போன மாதம் பங்குனியைச் சித்திரை என்று எடுத்தது, சித்திரையும் பருவத்துக்குள் கிடந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒன்றைக் கழித்தால் போதும், ஒரே ஒரு வரி! அல்ஹம்துலில்லாஹ் என்று மனம் துள்ளிய அதே வேகத்தில் இன்னொரு மனம் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தது, பொறு மகனே, சொல்லப் போகிறாயா, சொன்னால் உன்னுடைய பிளகின் உன் வாயாலேயே மவுத்து, நீயே ஜனாஸா தொழுவிக்க வேண்டியதுதான், சொல்லாவிட்டால் வேலை கொழும்புக்குப் போகும், இவளும் தோற்றாள், நீயும் தோற்றாய், சமம், ஊரில் யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். எழுத மாட்டேன் என்றுதானே சத்தியம், அதுவும் கையால், வாயைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லையே, அஸ்ஜத்தைக் கூப்பிட்டுக் கேட்கலாமா, லுஹர் தொழுகைக்கு முன்னால் அவன் போனை எடுக்க மாட்டானே… ருஷ்தா ஒரே வரியை அழிப்பதும் மறுபடி அதையே அடிப்பதுமாக இருந்தாள். எட்டு மாதச் சண்டையில் ஒரு நாள் கூட அவள் தடுமாறி அவன் பார்த்ததில்லை, பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை. "ருஷ்தா, மாசத்தப் பாருங்கொ, மாசம் பூச்சியத்தில இருந்து துவங்கும்."

அவள் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். பிறகு அவன் எதிர்பாராத ஒரு காரியம் செய்தாள், தன் கோப்பை விட்டுவிட்டு அவனுடைய பிளகின் கோப்பைத் திறந்தாள், "நீங்க இத எப்பிடி எழுதினீங்க எண்டு பாப்பம் நானா", தேடினாள், கண்டுபிடித்தாள், மாதத்திலிருந்து ஒன்றைக் கழிக்கிற அந்த வரியை அப்படியே எடுத்துத் தன் ஸ்கிரிப்டுக்குள் போட்டாள். "ஏய், அது பிளகின்ட வரி, அங்க ஓடாது" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஓடியது. ஒரு எழுத்து மாற்றவில்லை, ஒரு புள்ளி மாற்றவில்லை. வெள்ளைக்காரிகள் டெப்லட்டில் தங்கள் பெயரைத் தட்டினார்கள், நாளைக் காலைப் படகில் இரண்டு இடம் நிறைந்தது, ஹாஜியார் மாஷா அல்லாஹ் சொன்னார், ஹுனைஸுக்குக் காது அடைத்துக்கொண்டது. எப்படி ஓடும், பிளகினுக்குள் எழுதுகிற பாஷை வேறு, ஸ்கிரிப்ட் வேறு அல்லவா… வேறா? படிக்கிற காலத்திலேயே கொழும்பில் படிப்பித்த சேர் சொன்னார், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று, அவன்தான் அந்தச் சொந்தத்தை யாருக்கும் சொல்லாமல் மூடி வைத்திருந்தான். சரி, இந்த வரியை எப்போது எழுதினான்? நாட்காட்டிப் பகுதியை… கல்யாணத்துக்கு மறுநாள் அல்லவா எழுதினான், அந்தச் சத்தியம் வாயில் காய்வதற்கு முன்பு, அதே வேகத்தில், ஆவேசமாக, இந்தக் கையால்! அல்லாஹ்வே, அதுவும் ஸ்கிரிப்ட்தான் என்றால் சத்தியம் முறிந்தது இன்றைக்கா, அன்றைக்கா, அதற்குப் பிறகு எழுதிய ஆயிரம் வரியும் எந்தக் கணக்கில், அஸ்ஜத்திடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது, அவன் தாடியைத் தடவிக்கொண்டு முதலில் பிளகின் எண்டா என்ன மச்சான் என்றுதான் கேட்பான்.

"கெட்டிக்காரத்தனமான வேல, கடைசி வரிய ஆரு எழுதின, மகள்?" என்று ஹாஜியார் கேட்டார். ருஷ்தா தலையை நிமிர்த்தவில்லை, "நானாதான் ஹாஜியார்" என்றாள். மரியாதை தருகிறாளா, மாட்டிவிடுகிறாளா, இந்தப் பெண்ணின் குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, சஹனில் பக்கத்தில் இருந்து காதால் கேட்ட சாட்சியிடமா போய் இதைச் சொல்வது. ஹாஜியாரின் புருவம் மெல்ல மேலே ஏறியது, "ஸ்கிரிப்டயா? நீங்களா தம்பி?" இல்லை ஹாஜியார், அது என் பிளகினின் வரி, இவள்தான் எடுத்துப் போட்டாள் என்று சொல்லலாம், அதுவும் பொய் இல்லை, சொன்னால் பத்துப் பேர் சோறும் மிச்சம், மானமும் மிச்சம். "ஓம் ஹாஜியார், நான்தான் எழுதின" என்றான். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது, வாசலில் நின்ற வெள்ளைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜியார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், "அப்ப பத்துப் பேருக்குச் சாப்பாடு! நான் மிஸ்கீன் இல்ல, இருந்தாலும் வருவன்!" ருஷ்தாவும் சிரித்தாள், எட்டு மாதத்தில் முதல் தடவை, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோளெல்லாம் குலுங்க. தோற்றுப்போனவன் இந்த இடத்தில் முகத்தைத் தொங்கப்போட வேண்டும், சத்தியம் முறித்தவன் அல்லாஹ்வைப் பயந்து நடுங்க வேண்டும், ஹுனைஸும் நடுக்கத்துக்காகக் கொஞ்சம் காத்துப் பார்த்தான், வரவில்லை. அவள் லேப்டொப் இன்னும் திறந்தபடி இருந்தது, இந்தத் தடவை அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை, கீழே அவள் அவசரத்தில் எழுதிய இன்னொரு வரி கோணலாகக் கிடந்தது, அதை இப்படி எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, தன் கையாலேயே திருத்திவிட ஆசையாக இருந்தது, பசியைப் போல ஆசையாக இருந்தது, எப்போதிருந்து இந்த ஆசை என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை…