அப்பா திரும்பி வந்த அத்தியாயம்

“நான் போகட்டுமா?”

“உங்க இஷ்டம்.”

“இஷ்டம்னா?”

“ஸ்வெட்டரை எடுத்து வெச்சிருக்கேன்னு அர்த்தம்.”

பதினோரு வருஷத்துக்கு முன் என் கணவர் முதன்முதலாகக் கப்பல் வேலைக்குக் கிளம்பியபோது நாங்கள் பேசியது இவ்வளவுதான். அன்றிலிருந்து வருஷத்தில் எட்டு மாதம் அவர் கடலில், நான் ஏழாம் வகுப்பு ஆங்கிலத்தில். இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறார். இன்னொரு மூன்று வருஷக் கப்பல் ஒப்பந்தம் கையெழுத்துக்காக மேஜையில் கிடக்கிறது. உள்ளூர்த் துறைமுகப் பட்டறையிலும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். எதற்குப் போவதென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வகுப்பில் நடத்தும் நாவலும் ஒரு மாலுமியைப் பற்றியதுதான். பள்ளியில் இருந்த ஜெராக்ஸ் பிரதிகளில் கடைசி அத்தியாயம் விட்டுப்போயிருந்தது. அதை நானே வாயால் சொல்லி முடிப்பேன்: மகள் கதவைத் திறக்கிறாள், அப்பா வாசலில் நிற்கிறார். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

இந்த வருஷம் புதுப் புத்தகங்கள் வந்துவிட்டன. வசமாக மாட்டிக்கொண்டேன்.

“மிஸ், அப்பா வரவே இல்லையே,” என்றாள் முதல் பெஞ்சுக்காரி. வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் வக்கீல். “எங்க அக்கா கிளாஸ்ல வந்தார்னு சொன்னீங்களாமே.”

“போன வாரம் நரிக்கதையை மூணு விதமா படிச்சோமே. சொல்றவங்களைப் பொறுத்து முடிவு மாறும்னு.”

“அது நாட்டுப்புறக் கதை மிஸ். யார் சொன்னதுன்னே தெரியாது. இதுல அட்டையிலயே எழுதினவர் பேர் போட்டிருக்கே.”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, ஒத்துக்கறேன். அவர் வரணும்னு எனக்கு ஆசை. நான்தான் வரவழைச்சேன்.”

வக்கீல் விடவில்லை. “அந்தப் பொண்ணு பதினாறு லெட்டர் எழுதறா. மழை பெஞ்சது, பல்லு விழுந்தது எல்லாம் எழுதறா. ஒண்ணுலகூட ‘வாங்கப்பா’ன்னு எழுதல. அவருக்கு எப்படி மிஸ் தெரியும்?”

இத்தனை வருஷம் நடத்தியும் இது என் கண்ணில் பட்டதே இல்லை.

“பதினேழாவது லெட்டரை நீங்க எழுதிட்டு வாங்க,” என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் அவர் பெட்டிக்குள் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன டீச்சரம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒரு வக்கீல்கிட்ட தோத்துட்டு வரேன்.”

“பரவாயில்லையே, உன்னையும் பேசி ஜெயிக்க ஆள் இருக்கு.” அவர் மேஜையிலிருந்த ஒப்பந்தத்தை எடுத்தார். “உன் பேனாவைக் கொஞ்சம் குடு.”

பேனா என் கைப்பையில் இருந்தது. பையைத் திறக்காமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னங்க, போகாதீங்க. இங்கேயே என்கூட இருங்க.”