இரு பக்கமும்

“மூணாவது நிலையில இடது பக்கத்தக் காணோமே?” என்றாள் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு மணிக்குப் பெற்றோர்கள் வந்துவிடுவார்கள். ஜாஸ் நடன வகுப்புகளை நான்கு நிலைகளாகப் பிரித்த அட்டையை அதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. முதல் நிலைக்குத் தாளம், இரண்டாவதற்கு ஒற்றைச் சுற்று, மூன்றாவதற்கு ஒற்றைக் காலில் இரட்டைச் சுற்று. எதைச் செய்தாலும் வலப்பக்கம் முடித்த கையோடு இடப்பக்கமும் செய்ய வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் பால்பாடம். மற்ற நிலைகளில் வரிக்கு வரி ‘இரு பக்கமும்’ என்று எழுதியவள், மூன்றாவதில் மட்டும் ‘வலப்பக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? இடப்பக்கம் இரண்டாவது சுற்று வராதது என் மகளுக்குத்தான். அவள் தோழிகள் எல்லோரும் மூன்றாம் நிலைக்குப் போகிறார்கள்.

“மறந்துட்டேன் அண்ணி.”

“அடுத்தவங்க பிள்ளைன்னா மறந்திருப்பியா?”

சுருக்கென்றது. பள்ளி அண்ணியுடையது. இருந்தாலும் பாடத்திட்டத்தில் அவள் ஒரு நாளும் கை வைத்ததில்லை. இப்போதும் வைக்கவில்லை. பேனாவை என் பக்கம் நகர்த்தி, “நீயே பாத்துக்க. நான் ஒண்ணும் சொல்லல” என்றாள். ஒன்றும் சொல்லவில்லையாம். இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

விட்டுவிடு, வருகிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. விட்டால், நாளைக்கே யாராவது இடப்பக்கம் சுற்றச் சொல்வார்கள். அத்தனை பேர் முன்னாலும் என் மகள் தள்ளாடுவாள். என்மேலேயே எரிச்சலாக வந்தது. ‘வலப்பக்கம்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘இரு பக்கமும்’ என்று எழுதி ஒட்டினேன். பசை காய்வதற்குள் மகள் வந்துவிட்டாள்.

தோளில் இருந்த பையை இறக்காமலே படித்தாள். மூன்றாம் நிலையில் கண் நின்றது.

“இத அடிச்சுத் திருத்தினது அத்தையா?”

அண்ணி நிமிர்ந்தாள். நான் ஆமாம் என்றிருந்தால் அவள் மறுத்திருக்க மாட்டாள்.

“இல்ல. நான்தான்.”

“முதல்ல எழுதினது?”

“அதுவும் நான்தான்.”

அவள் பையைக் கீழே வைத்தாள். கண்ணாடி முன் போய் நின்று, இடது காலை மடக்கித் தூக்கி இடப்பக்கம் சுற்றினாள். ஒன்று முழுதாக வந்தது. இரண்டாவதில் பாதியிலேயே கால் தரைக்கு வந்துவிட்டது. மாடிப்படியில் பெற்றோர்களின் பேச்சுக்குரல் ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை; மறுபடியும் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.