துரைநாயின் வயிறு

உள்ளே ஒன்றும் போகவில்லை, வெளியே மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. இப்படி ஒரு வயிற்றை நான் எங்கும் கண்டதில்லை.

எங்கள் நாயாக இருந்தால் நான் ஏன் அலட்டிக்கொள்ளப் போகிறேன்? பழவேற்காட்டுக் கோட்டையில் இருக்கிற ஒல்லாந்துத் துரையின் நாய் அது. துரை வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையாததால் வெள்ளையன் என்கிறோம். அதை விடியலில் அவிழ்த்துவிட்டு, குளிப்பாட்டித் தீனி போடுவது என் புருசன் தசரதனின் வேலை. நாய்க்குக் கழிச்சல் கண்டதும் துரைக்கு நாற்றம் தாங்கவில்லை. கோட்டைக்குப்பத்தில் இருக்கும் எங்கள் குடிசைக்கே ஓட்டிப் போகச் சொல்லிவிட்டார். துரை பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி தாமோதரன் கூடவே வந்தார்.

"நாய் செத்துதுன்னா, முகத்துவாரத்துக்கு வெளில நிக்குதே கப்பலு, அதுல உன்னை ஏத்தி பத்தாவியாவுக்கு அனுப்பிடுவாராம், தசரதா."

கடல் தாண்டி இருக்கும் அந்த ஒல்லாந்தர் ஊருக்கு அப்படி ஏற்றப்பட்டவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லை. என் மனுசன் மூலையில் முடங்கிவிட்டார்.

"இன்னாய்யா இடி விழுந்தாப்ல குந்தினுகீறே? பச்சப்புள்ள வயித்தயே கட்டறோம், நாய் வயித்தக் கட்ட மாட்டமா?" என்று அதட்டினேன்.

ஒரு பகல் முழுக்கப் பட்டினி போட்டுத் தண்ணீர் மட்டும் வைத்தேன். மறுநாள் சோற்றைக் குழைய வேகவைத்து, மோர் விட்டு, துளி ஓமம் பொடித்துப் போட்டுக் கொஞ்சமாகக் கொடுத்தேன். சாயங்காலம் வயிறு அடங்கும். விடியலில் அவிழ்த்துவிட்டால் தானே ஒதுங்கிவிட்டு வரும், வந்ததும் மறுபடி பீச்சும். வாந்தி வேறு. பக்கத்துக் குடிசை நாகம்மாள் கண்ணேறு என்று மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டாள். உப்பைச் சுற்றி அடுப்பில் போட்டேன். உப்பு நன்றாகத்தான் வெடித்தது, கழிச்சல் நிற்கவில்லை.

கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு குச்சியால் கிளறிப் பார்த்தேன். உள்ளே மீன் செதில்.

"யோவ், நீ மீனு போட்டியா?"

"கங்கையம்மன் சத்தியமா இல்லடி!"

அடுத்த விடியலில் அவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே போனேன். நாய் நேராகக் கரைக்கு ஓடியது. மாரியின் படகு கரை தட்டியதும் அவன் ஒரு மீனை எடுத்து அதன் முன் போட்டான். அடுத்த படகு வந்தது, அடுத்த மீன் விழுந்தது.

அடச்சீ என்றிருந்தது. படகுக்கு எதிரே வந்து நிற்கும் முதல் உயிருக்கு ஒரு மீன் போட்டுவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் மற்ற மீனைத் தொடுவார்கள். வெறும் வாயோடு அனுப்பினால் அடுத்த வலை வெறுமையாக வரும். ஆளுக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள். இதுவோ எல்லாப் படகுக்கும் முதல் ஆளாக நின்றிருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம், என் மரமண்டைக்கு எட்டவில்லை.

"டேய் மாரி, போடாதடா! என் தாலிக்கு உலை வைக்காத!"

"அதெப்படிக்கா போடாம இருக்கறது? வலை காலியா வந்தா நீயா சோறு போடுவே?"

அவன் சொல்வதும் நியாயம்தான். நாயைக் கட்டிப் போட்டால் ஊளையிட்டு ஊரைக் கூட்டியது. ஆகவே அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படகுக்கும் எதிரே நானே முந்திப் போய் நின்றேன். மீன் என் மடியில் விழுந்தது, நாய்க்குக் கஞ்சி கிடைத்தது. சில நாளில் அது கெட்டியாகவே கழித்தது. அதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பீயைப் பார்த்து அழுத பொம்பளை இந்தக் கடலோரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று மாலை தாமோதரன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"துரைக்கு ரொம்ப சந்தோசம்மா. அவரும் இந்தக் கப்பல்லதான் போறாரு, நாயும் போவுது. வழியில அது வயித்தப் பாத்துக்க தசரதனையும் ஏத்திக்கிறாராம். காலையில வந்து கூட்டினு போறேன்."

"நாய்தான் பொழச்சிடுச்சே, ஐயா?"

"பொழச்சதாலதாம்மா."

"இன்னும் கழிஞ்சினே இருந்திருந்தா?"

"சீக்கு நாயைக் கப்பல்ல ஏத்த உடமாட்டாங்க. இங்கியே உட்டுட்டுப் போயிருப்பாரு. உன் புருசன் பாத்துனு இருந்திருப்பான்."

செத்தாலும் கப்பல், பிழைத்தாலும் கப்பல். அப்படியென்றால் இந்த வயிற்றை நான் எங்கே நிறுத்துவது? சாகவும் கூடாது, சரியாகவும் கூடாது. இது எந்த ஊர் வைத்தியம்? நாய் என் காலை நக்கியது. சனியனே என்று திட்டிவிட்டு அதன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

விடியலில் கரைக்குப் போய்க் கயிற்றை விட்டேன். வெள்ளையன் அசையவில்லை. நான் பழக்கியபடி என் பின்னாலேயே உட்கார்ந்து கஞ்சிக்குக் காத்திருந்தது. மாரியின் படகு கரை தட்டியது.

"மாரி, நாய்க்கு ஒரு மீனு போடுடா."

"அன்னிக்குப் போடாதன்னு அடிக்க வந்தே, இன்னிக்குப் போடுன்றே. உனக்கு இன்னாதான்க்கா வேணும்?"

"என் புருசன் வேணும்டா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கூடையில் இருந்ததிலேயே கொழுத்த மடவை மீனாகப் பார்த்து எடுத்து நாயின் முன் போட்டான்.