நான்கு செடிகளும் என் கம்பளிச் சட்டையும்

1

இந்தக் கதை என் கம்பளிச் சட்டையில் தொடங்கியது. அதைச் சொல்லாமல் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் கதை ஐந்தாவது பத்தியில் படுத்துக்கொண்டது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு லூஷா ஸ்டூச்னாஃபின் நிலவறையில் பூத்து நின்ற கஞ்சாச் செடிகளுக்கு, இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான்.

நான் கைவிட்ட தொடக்கங்கள்:

'சிலந்திப்பேன் எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.' (பொய். என்னால் முடியும்.)

'நெல்சன் நகரத்து ஜனவரிக் காலை ஒன்றில், ஏரியின் மேல் பனி...' (பனி எல்லா ஜனவரியிலும்தான் பெய்கிறது.)

'லூஷா கொஞ்சம் கவனக்குறைவானவள்.' (இதை எழுதிய கையை என்ன செய்வது?)

2

லூஷா இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் கணவர் மாட்வே மரம் அறுக்கும் ஆலையில் இருந்தார். ஒன்பது வருடங்களுக்கு முன்பு நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். பகலில் பரவாயில்லை. படுத்தால்தான் கால் தசைகள் கயிறாக முறுக்கிக்கொண்டு இழுக்கும். மருத்துவர் தந்த மாத்திரைகள் இழுப்பை நிறுத்தின. கூடவே மாட்வேயையும் நிறுத்தின. சூப்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கண் சொக்கிப்போவார்.

பிறகுதான் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கஞ்சாப் பூவை வெண்ணெயில் காய்ச்சி, ரொட்டியில் அரைக் கரண்டி தடவிக் கொடுத்துப் பார்த்தாள். ஐந்தாறு மணி நேரம் தூங்கினார். கடையில் விற்பது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோழி ஒருத்தி கொடுத்த கன்றின் வம்சம்தான் ஒத்துக்கொண்டது. இங்கே கஞ்சா வளர்க்கத் தடையில்லை; சட்டம் வீட்டுக்கு நான்கு செடி என்கிறது. லூஷா நான்குதான் வைத்திருந்தாள். போன வருடத்து வெண்ணெய்ப் புட்டியில் அடி தெரியத் தொடங்கியிருந்தது.

[ஒரு குறிப்பு. இவர்கள் பேசியது ஆங்கிலம், நடுநடுவே பாட்டன் காலத்து ரஷ்ய மொழி. என் காதுக்குள் விழுந்தபோது அது எப்படித் தமிழானதோ அப்படியே எழுதுகிறேன். ரஷ்ய வசவுகளுக்குச் சமமானவை தமிழில் உண்டு. எழுதப்போவதில்லை.]

3

செடிகள் பூக்கத் தொடங்கி ஐந்தாவது வாரம் லூஷா தொலைபேசியில் அழைத்தாள். "உன் பூதக்கண்ணாடிய எடுத்துட்டு வா."

மேலே எரியும் விறகடுப்பின் சூட்டில் நிலவறை முப்பது டிகிரிக்கு ஏறியிருந்தது. காற்று அப்பளம் போலக் காய்ந்திருந்தது. ஓர் இலையின் மேல்புறத்தில் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகள். அதைத் திருப்பினாள். நரம்போரம் மெல்லிய நூலாம்படை. அதற்குள், மணலைவிடச் சிறியதாக, மஞ்சளாக, முதுகில் இரண்டு கறுப்புத் திட்டுகளோடு ஏதோ நடந்தது.

"வந்து ரெண்டு வாரம் இருக்கும்," என்றாள். "இந்த அறைக்குள்ள வந்தது யாரு? நான். நீ. மாட்வேயால படி எறங்க முடியாது."

"காத்துல வந்திருக்கும்."

"ஜன்னலே இல்லாத அறையில எந்தக் காத்து?"

[முந்தைய பிரதி ஒன்றில் நான் இந்த இடத்தில் உண்மையைச் சொல்கிறேன், லூஷா என் தோளைத் தட்டுகிறாள். அழகான பத்தி. நடக்கவில்லை.]

நடந்தது இது. வீட்டுக்கு வந்து என் ஜன்னலோர ரோஜாவின் இலையைத் திருப்பினேன். அதே நூலாம்படை. இரண்டு வாரத்துக்கு முன்பு, அந்த ரோஜாவைக் கத்தரித்த கையோடு, அதே கம்பளிச் சட்டையோடு, லூஷாவின் நிலவறையில் மின்விசிறி மாட்டிக்கொடுக்கப் போயிருந்தேன். இரண்டு நாள் திரையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் என்றால் அது இந்த ஆள்தான்.

4

மூன்றாம் நாள் காலை போய்ச் சொன்னேன். லூஷா உருளைக்கிழங்கு திணித்துச் சுடும் பீராஹிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டை நிற்கவில்லை.

"ரோஜாவா?"

"ரோஜாதான்."

"கொண்டாந்ததுக்கு நான் ஒன்னும் சொல்லல. யாரு சட்டையிலயும் வரும். ரெண்டு நாள் ஒளிஞ்சிக்கிட்ட பாரு, அத சொல்லுவேன். இந்தச் சூட்டுல ஒரு வாரத்துல முட்டை பேனாயிடும். உன் ரெண்டு நாளு எனக்கு எத்தனை ஆயிரம் பேனுன்னு தெரியுமா?"

ஜன்னலோரம் இருந்து மாட்வே குரல் கொடுத்தார். "விடு லூஷா. எழுத்தாளரு. எதையும் ரெண்டு தடவ அடிச்சு எழுதித்தான் பேசுவாரு."

அவள் சிரிக்கவில்லை. மாவுக் கையோடு ஒரு பழைய மேல்சட்டையை என்மேல் எறிந்தாள். "உன் சட்டைய வாசல்ல கழட்டு. இத போட்டுக்கிட்டு கீழ வா."

5

மருந்து அடித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "பூவுல அடிச்சா பூவுலயே தங்கும். அத வெண்ணெயில காய்ச்சி இவருக்கே ஊட்டவா?" என்றாள். வேப்பெண்ணெய்க்கும் அதே பதில்தான்.

ஆகவே முதல் வேலை விறகடுப்பை அணைப்பது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு. மாட்வே இரண்டு கோட்டும் காது மூடும் தொப்பியும் அணிந்து உட்கார்ந்தார். "ஆலையில இதவிட சூடா இருந்துச்சு," என்றார். சிறிய மின் சூடேற்றி ஒன்றை அவர் கால்களுக்கு மட்டும் வைத்தோம். கீழே செடிகளுக்கு மேல் தொங்கிய விளக்குகளை உயர்த்தியதும் சூடு இருபத்திரண்டுக்கு இறங்கியது. ஈரத்தைக் கூட்டினோம், ஆனால் பார்த்துப் பார்த்து. காய்ந்த காற்று பேனுக்குக் கொண்டாட்டம்; ஈரம் மிஞ்சினால் பூவுக்குள் சாம்பல் பூசணம்.

நான்காவது செடியின் பூக்களையே நூலாம்படை சுற்றியிருந்தது. லூஷா அதைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பெரிய பையால் மூடி, அடியோடு வெட்டி, பனியில் கொண்டுபோய் வைத்தாள். மற்ற மூன்றில் மோசமான இலைகளைக் கிள்ளினோம். மீதியை ஒவ்வொன்றாகத் திருப்பி, ஈரத்துணியால் அடிப்புறத்தைத் துடைத்தோம். என் பங்கு ஒரு செடி; நாலு மணி நேரம் பிடித்தது. இடையில் ஒருமுறை, "இந்த எடத்த விட்டுட்ட," என்றாள். என்னோடு அன்று அவள் பேசிய

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்குமேல் அவள் பேசவில்லை.)

6

லூஷா வான்கூவரிலிருந்து தருவித்த பொட்டலம் பனிச்சரிவால் மலைப்பாதை மூடப்பட்டு மூன்று நாள் தாமதமானது. அந்த மூன்று நாளும் துடைத்தோம். வந்தது, தவிடு நிறைந்த ஒரு சிறு குப்பி. தவிட்டுக்குள் பேன் தின்னும் பேன்கள், ஆரஞ்சுச் சிவப்பில், துறுதுறுவென்று. இவை செடியைத் தொடாது. சிலந்திப்பேனையும் அதன் முட்டையையும் தின்று தீர்த்து, தின்ன ஏதுமில்லாமல் போனதும் தாமே செத்துவிடும். லூஷா இலைகள்மேல் தவிட்டை உப்புத் தூவுவது போலத் தூவினாள்.

மறுநாள் ஓர் இலையைத் தட்டில் வைத்து மாட்வேயிடம் எடுத்துப் போனோம். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தவர், ஐஸ் ஹாக்கி வர்ணனை செய்யத் தொடங்கிவிட்டார்.

"செவப்பு வலது பக்கமா ஏறுது. மஞ்சளு நிக்குது, ஒன்னும் தெரியாத மாதிரி நிக்குது. செவப்பு திரும்புச்சு. புடிச்சிருச்சு லூஷா, புடிச்சிருச்சு. உறிஞ்சுது பாரு."

"யாரு பக்கம் நீ?"

"கேள்வியப் பாரு. எம்பொண்டாட்டி காசு போட்டு வாங்கின டீமு."

லூஷா சிரித்தாள். பிறகு, அந்த வாரத்தில் முதல் தடவையாக, என் பக்கம் திரும்பி, "டீ குடிக்கிறியா?" என்றாள்.

பத்து நாளில் பூதக்கண்ணாடிக்கு வெற்றுத் தோல்கள்தான் அகப்பட்டன. ஒன்பதாவது வாரம் மூன்று செடிகளையும் வெட்டி, வாளித் தண்ணீரில் அலசி, மின்விசிறியின் காற்றில் தொங்கவிட்டோம். புதிய வெண்ணெய் புட்டியின் முக்கால் வரை வந்தது.

7

இனி முடிவு. இரண்டு எழுதினேன். ஒன்றில் மாட்வே விடியும்வரை அசையாமல் தூங்குகிறார். மற்றதில் புதிய வெண்ணெய் பழையது போல இல்லை. லூஷா மறுபடியும் கன்று தேடுகிறாள். இரண்டையும் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டையும் அடிச்சிடு," என்றாள் லூஷா. "பேனப் பத்தி எவ்வளவு வேணா எழுது. உன் ரோஜாவ எழுது. இவரு தூங்கினாரா இல்லையாங்கிறது எங்க வீட்டு விஷயம்."

"படிக்கிறவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும்," என்றார் மாட்வே. "அவங்களுக்கு என்ன, நல்லதா நெனைக்கத் தெரியாதா?"

அடித்துவிட்டேன். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். லூஷா வழக்கமாக ஐந்து மணிக்கு எழுந்து அவர் கால்களை நீவிவிடுவாள்; அப்போது போட்ட அவர்கள் வீட்டுச் சமையலறை விளக்கு காலை முழுவதும் எரியும். புதிய வெண்ணெய் காய்ச்சிய மறுநாள் ஏழரை மணிக்கு வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தேன். விளக்கு எரியவில்லை. எட்டுக்கும் எரியவில்லை. தபால்காரர் அவர்கள் வாசலில் பொட்டலத்தோடு மணியை அழுத்தப் போனார். நான் வாரியைப் போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடி அவர் கையைப் பிடித்தேன்.

"எங்கிட்ட குடுங்க," என்றேன். "மணி அடிக்காதீங்க."