நாற்பத்து மூன்றாம் பக்கத்துச் சுப்பராயலு

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, பால்கனியில் துணிக் கொடிக்கு அடியில் குந்திக்கொண்டு, போனை வாயோடு ஒட்டிவைத்துக் கிசுகிசுத்தாள் கெசியா.

"சின்மயி, நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்டி."

பீர்க்கன்கரணையில் சின்மயிக்குத் தூக்கம் சட்டென்று கலைந்தது. "யாருடி அவன்?"

"சுப்பராயலு."

"என்னடி பேரு இது? என்ன வயசு?"

"அம்பத்தாறு. மருந்துக்கடை வச்சிருக்கான்."

"ஐயய்யோ!"

"லூசு, கத்தாதே. கதையில வர்ற ஆளு."

சின்மயி மூச்சு விட்டாள். அதில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம். "ஒரு கதைக்காகவா என்னை எழுப்பினே? காலைல எனக்கு கெமிஸ்ட்ரி ட்யூஷன் இருக்குடி."

"நாளன்னிக்கு சண்டே நான் மாட்டிப்பேன். கேளேன், ப்ளீஸ்."

விஷயம் இதுதான். சிட்லபாக்கத்தில் கெசியா வீட்டுத் தெருக்கோடியில், குடியிருப்போர் சங்கத்தின் மாடியில் ஒற்றை அறை நூலகம் ஒன்று உண்டு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சூர்யநாராயணன் சார் அதைக் கட்டிக் காக்கிறார். அங்கே மற்றப் புத்தகங்கள் தூசி தின்றுகொண்டிருக்க, கடம்பத்துறை நாவல்களுக்கு மட்டும் வரிசை நிற்கும். கடம்பத்துறை ஒரு சின்ன ஊர். பாகத்துக்கு ஒரு கொலை விழும். கிளியம்மாள் என்ற ஏட்டம்மா, சாப்பிட நேரமில்லாமல், அதைத் துப்பறிவாள். இரண்டு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு ஆறாம் பாகம் வந்திருந்தது. ஒரே ஒரு பிரதி.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் சூர்யநாராயணன் ஒரு கோடு போட்ட தாளை ஒட்டிவைப்பார். படித்தவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும். ஐந்தாம் பாகத்தின் தாளில் இப்படி இருந்தது:

'கிளியம்மாளுக்கு ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பாடு போடக் கூடாதா? மற்றபடி கதை ஜோர். – பட்டு.'

'நன்று. எழுத்து இன்னும் பெரிதாக இருக்கலாம். – சுந்தர்சிங்.'

'பக்கம் 88இல் சைக்கிளில் போன போஸ்ட்மாஸ்டர் 91இல் ஸ்கூட்டரில் திரும்புகிறார். கவனிக்கவும். – டெபோரா.' இது கெசியாவின் அம்மா. பள்ளிக்கூட டீச்சர்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆளாக: 'கொலையாளியை இருபதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். – ராஜகோபாலன்.'

ஐந்து பாகத்திலும் அவர் இதையேதான் எழுதியிருந்தார். எழுதியதோடு விடாமல், பால் பூத் வரிசையில் நின்று கொலையாளியின் பேரையும் சொல்லிவிடுவார். நான்காம் பாகத்தின்போது பட்டு மாமி பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடியதைத் தெருவே பார்த்தது.

"இருபதாம் பக்கமாம்! யாரு பாத்தா?" என்றாள் கெசியா. "அதான், இந்தத் தடவ நான் ப்ரூஃபோட கண்டுபிடிக்கணும்னு நினைச்சேன். அங்கிள் படிச்சாரு. அப்புறம் அம்மா படிச்சாங்க. காலைல புக்கைக் குடுக்கணும், அதுக்கு முந்தின ராத்திரிதான் என் கைக்கு வந்துச்சு. நாப்பத்து மூணாம் பக்கத்துலயே எனக்குப் புரிஞ்சுபோச்சுடி. பென்சிலால ஓரத்துல எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"'கொலைகாரன் சுப்பராயலு. உறுதி.' உறுதிக்கு அடியில ரெண்டு கோடு."

"சூப்பர். அப்புறம்?"

"இருநூத்திப் பதினோராம் பக்கத்துல பாத்தா, அவன் இல்லடி!"

சின்மயி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது போனில் காற்றாகக் கேட்டது.

"அழிக்கலாம்னு நினைச்சுக்கிட்டே தூங்கிட்டேன். காலைல அம்மா ஸ்டேஷனுக்குப் போற வழியில சார்கிட்ட குடுத்துட்டாங்க. அடுத்து பட்டு மாமி. நாப்பத்து மூணு வரைக்கும்தான் படிச்சாங்க. இன்னிக்கு சாயங்காலம் லைப்ரரிக்கு வந்து, 'எவனோ சுப்பராயலுன்னு எழுதி வச்சிருக்கான், என் கதை போச்சு'ன்னு ஒரே கத்து. அதுவரைக்கும் தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் நேரா ராஜகோபாலன் அங்கிளைத்தான் பாத்தாங்க. கோணல் மாணலா இருக்கறதால வயசானவர் கையெழுத்துன்னு சார் சொல்றாரு. நான் படுத்துக்கிட்டு எழுதினேன்டி!"

"அவர் என்ன சொன்னாரு?"

"'நான் எழுதலை.' அவ்ளோதான். வேற ஒரு வார்த்தை பேசலை. சண்டே மீட்டிங் வச்சு அவர் கார்டைக் கேன்சல் பண்ணப் போறாங்க."

"பாவம்தான். ஆனா நீ தப்பிச்சே."

"எங்கடி தப்பிச்சேன்? 'உங்க கையில இருந்தப்போ அந்தப் பக்கத்துல எழுத்து இருந்துதா?'ன்னு அம்மாவைக் கேப்பாங்க. அம்மா இல்லைம்பாங்க. அப்படின்னா அங்கிளுக்கு அப்புறம், மாமிக்கு முன்னாடி. எங்க வீடு!"

"அம்மாகிட்ட சொல்லி, ஞாபகமில்லைன்னு சொல்லச் சொல்லு."

"எங்கம்மாவா? சர்ச் டூர்ல பக்கத்து சீட்டுக்காரங்க வாட்டர் பாட்டிலைத் தெரியாம எடுத்துட்டு வந்து, அவங்க அட்ரஸைத் தேடிப் படப்பை வரைக்கும் போய்க் குடுத்தவங்க."

சின்மயி கொட்டாவி விட்டாள். "அப்ப நீதான்டி மொதல்ல சொல்லணும்," என்றாள். சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாள். கெசியாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு மாலை மாடி அறையில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. சூர்யநாராயணன் மேஜைமேல் புத்தகத்தைச் சாட்சிப் பொருள்போல் வைத்திருந்தார். ஜன்னலோரம் பட்டு மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்துப் புத்தகம் வாங்க வேண்டிய சுந்தர்சிங் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வரவில்லை. ராஜகோபாலன் தன் நூலக அட்டையைச் சட்டைப் பையிலிருந்து முன்கூட்டியே எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தார். ஓரங்கள் மழுங்கி, செலோடேப் ஒட்டிய பழைய அட்டை. கெசியாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"டெபோரா டீச்சர்," என்றார் சூர்யநாராயணன், "ஃபார்மாலிட்டிக்குத்தான் கேக்கறேன். நீங்க படிச்சப்போ நாப்பத்து மூணுல இந்த எழுத்து இருந்துதா?"

"இல்லையே சார். நான் படிக்கும்போது..."

"அம்மா, இரு." கெசியாவின் குரல் பூனைக்குட்டிக் குரலாக வந்தது. "நான்தான் சார் எழுதினேன்."

அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் வீட்டுக்குப் போன பிறகு நடக்கப்போவதெல்லாம் அட்டவணை போட்டு இருந்தது.

"நீயா? ஏண்டிம்மா?" என்றார் பட்டு மாமி.

"கண்டுபிடிச்சதுக்கு ப்ரூஃப் வேணும்னு, மாமி. அங்கிள் எப்பவும் இருபதாம் பக்கம்னு எழுதறாரா... அதான் நானும்..."

"கண்டுபிடிச்சா மனசுக்குள்ள வச்சுக்கப்படாதா? ரெண்டு வருஷம் காத்துண்டிருந்தேன்டி இதுக்கு!"

மாமியின் கண்ணில் நிஜமாகவே நீர் தளும்பியது. கெசியாவுக்குப் பொறுக்கவில்லை. "அழாதீங்க மாமி. அது வந்து, சுப்பராயலு..."

"வாயை மூடு!"

ராஜகோபாலன் எழுந்தே விட்டார். அட்டை கீழே விழுந்தது.

"எழுதினது தப்பு. ஒத்துண்டாச்சு. அதோட நிறுத்திக்கோ. மேற்கொண்டு ஒரு எழுத்து பேசப்படாது. புரியறதா?"

கெசியாவுக்குப் புரிந்தது, மெதுவாக. 'நான் எழுதியிருந்தால் சரியான பேரை எழுதியிருக்க மாட்டேனா?' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், வெள்ளிக்கிழமையே அவர் மேலிருந்த பழி போயிருக்கும். பால் பூத்தில் ஐந்து கதைகளைப் போட்டு உடைத்த மனுஷர், இந்த ஒன்றை இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக் காப்பாற்றியிருக்கிறார். அம்மாவுக்கும் அது அந்த நொடியில்தான் புரிந்திருக்க வேண்டும். அவள் குனிந்து, அந்த அட்டையை எடுத்து, தூசி தட்டி, அவரிடம் கொடுத்தாள்.

கெசியா புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து பார்த்தாள். இருபதாம் பக்கப் பெருமை இந்த முறை இல்லை. 'படிக்கவும். – ராஜகோபாலன்' என்று மட்டும் இருந்தது.

"ஒரு மாசம் உனக்கு புக் கிடையாது," என்று தீர்ப்பு சொன்னார் சூர்யநாராயணன். "அடுத்த ஞாயித்துக்கிழமை ரப்பர் எடுத்துண்டு வந்து நீயே அழிக்கணும்."

"அதுவரைக்கும் புஸ்தகம் எங்கிட்ட இருக்கட்டும்," என்றார் பட்டு மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆள் தெரிஞ்சா என்ன? அந்தக் கடன்காரன் எப்படி மாட்டறான்னாவது பாக்கறேன்."

அடுத்த ஞாயிறு கெசியா புது ரப்பரோடு மாடியேறினாள். படிக்கட்டு முடிவிலேயே பட்டு மாமி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"பாவிப் பொண்ணே! இருநூறு பக்கம் அவனைக் கரிச்சுக் கொட்டிண்டே படிச்சேன். அவன் இருமினா நடிக்கறான்னேன். அவன் அழுதா வெங்காயம்னேன். கடைசில பாத்தா..." மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். "புஸ்தகத்தை மூடிட்டு ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சேன்டி. ஆறு பாகத்துல இந்த மாதிரி நான் ஏமாந்ததே இல்லை. அந்த ரப்பரைக் குடு இங்க."

ரப்பர் மாமியின் கைப்பைக்குள் போய், ஜிப் மூடப்பட்டது.

உள்ளே சுந்தர்சிங் புத்தகத்தை வாங்கிக்கொண்டிருந்தார். தாளில் பட்டு மாமியின் கருத்து ஒரே சொல்லாக இருந்தது: 'படித்தேன்.'

"என்ன, சுப்பராயலுதானாமே?" என்றார் சுந்தர்சிங் உற்சாகமாக. "பரவால்ல. ஆள் தெரிஞ்சுட்டா டென்ஷன் இல்லாம படிக்கலாம். எனக்கு பிபி வேற."

ராஜகோபாலன் இருமினார். டெபோரா ஜன்னல் வழியே சிட்லபாக்கம் ஏரியைப் பார்த்தாள். அவள் பொய் சொல்லவில்லை, அவளை யாரும் கேட்கவும் இல்லை.

"ஆமாமா, பிபிக்கு ரொம்ப நல்லது," என்றார் பட்டு மாமி.

சுந்தர்சிங்கின் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கித் தெருவில் கரையும்வரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு ராஜகோபாலன் கெசியா பக்கம் சாய்ந்தார்.

"நிஜமாவே நாப்பத்து மூணுல சுப்பராயலுன்னா நினைச்சே?"

"ஆமா அங்கிள். நீங்க?"

அவர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் கிளியம்மாளையே சந்தேகப்பட்டேன்."